வைப்பர் வாதம்: பெங்களூருக் குளியலறை ஈரம் பற்றிய ஓர் ஆய்வு

பெங்களூரில் குளியலறைக் கூரையின் மூலையில் கறுப்புப் பூஞ்சை ஏன் படர்கிறது, மழைக்காலத்தில் கதவு ஏன் உப்பிப்போய்ச் சாத்த மறுக்கிறது என்ற வினாவில் இரண்டு கட்சிகள் உண்டு. ஊர்க் குளிரே காரணம் என்பது ஒன்று, கீசர் ஆவியே என்பது மற்றொன்று. இரண்டும் பாதி சரி. பனி வானத்திலிருந்து விழுவதில்லை, காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரமே துளியாகிறது என்று வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் எழுதினார். அவர் புல்லில் கண்டதை நாம் டைல்ஸில் காண்கிறோம். கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே உள்ள ஊர். ஜனவரி விடியலில் சுவர் சில்லென்றிருக்க, உள்ளே வெந்நீர். சென்னையில் சுவரே வெதுவெதுப்பு, குளியலோ பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில். கண்ணாடி மங்க முகாந்திரமே இல்லை. பழைய கன்னட வீட்டுக் குளியலறையான பச்சலு மனையிலும் வெந்நீர் உண்டே என்பார்க்கு விடை: அங்கே ஹண்டே என்னும் வெந்நீர் அண்டாவின் அடியில் எரிந்த விறகு, தண்ணீரோடு சுவரையும் சுடவைத்தது. கீசர் கஞ்சன்; வெப்பத்தைத் தன் வயிற்றிலேயே பூட்டிக்கொள்ளும்.

ஆனால் ஆவியைப் பழிப்போர் யாரும் அதை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. முப்பதுக்கு நாற்பது மனையில் எழும் வீட்டில் குளியலறைக்கு மிஞ்சுவது ஐந்தடிக்கு ஏழடி. உயரம் எட்டடி என்றால் உள்ளே இருக்கும் காற்று 8 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் அதிகபட்சம் 30 கிராம் நீராவி தாங்கும். 18 டிகிரியில் 15 கிராம்தான். ஆக, அறை முழுக்க மண்டிய ஆவி குளிர்ந்து இறக்கிவைக்கும் நீர் 120 கிராம், அதாவது ஒரு காபி டம்ளர். குளித்து முடியும்வரை ஆவி ஊறிக்கொண்டே இருக்குமே என்றால், ஐந்து டம்ளர் என்றே வைத்துக்கொள்வோம். தரையைப் பாருங்கள்: அந்த முப்பத்தைந்து சதுர அடியில் 1 மில்லிமீட்டர் நீர் தங்கினாலே மூன்றேகால் லிட்டர், இருபத்தேழு டம்ளர்! கதவை உப்பவைப்பதும் பூஞ்சையை நாளெல்லாம் வளர்ப்பதும் காலடியில் கிடக்கும் இந்தப் படலம்தான். ஆகவே குளியலறையின் தலையாய கருவி, மூலையில் தலைகீழாகச் சாத்தப்பட்டிருக்கும் ரப்பர் வைப்பரே என்பது இவ்வாய்வின் துணிபு.

மேஸ்திரி வாட்டம் கொடுத்திருக்கிறாரே என்பர் சிலர். வாட்டம் ஓடும் நீரை ஜாலிக்கு அனுப்பும். ஒட்டிக்கொண்ட நீர் அதற்குக் கட்டுப்படாது. (வாட்டம் கதவை நோக்கி அமைந்த வீடுகள் தனி ஆய்வுக்குரியவை.) எக்ஸாஸ்ட் ஃபேன் போதாதா என்பது வலுவான மறுப்பு. ஃபேன் காற்றைத்தான் வெளியேற்றும்; தரைநீர் முதலில் ஆவியானால்தான் அதன் கைக்கு எட்டும். செப்டம்பர் மழையில் வெளிக்காற்றே நனைந்திருக்க, தரைநீர் எப்போது ஆவியாவது? கதவடியில் விரற்கடை இடைவெளிகூட இல்லையென்றால் காற்று உள்ளே வர வழியில்லை; ஃபேன் சத்தம் மட்டும் போடும். எனவே முதலில் வைப்பர், பிறகு ஃபேன். அதுவும் குளித்தவர் வெளியேறிய பின்னும் ஓட வேண்டும். விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச் வைத்த எலக்ட்ரீஷியனை என்ன சொல்ல!

வைப்பரை யார் இழுப்பது என்ற வினா எஞ்சுகிறது. கடைசியாகக் குளிப்பவரே என்பது இயற்பியலின் தீர்ப்பு. தீர்ப்பு வெளியான வீட்டில் எல்லோரும் முந்திக்கொண்டு விடிவதற்குள் குளிக்கப் பார்ப்பார்கள். சுவர் மிகக் குளிர்ந்திருப்பதும் அப்போதுதான்.