மாவில்லாத காதல்

கேள்வி: வெளிநாட்டில் கார்னிவல் கேக்குக்குள் சின்னப் பொம்மையை ஒளித்து வைப்பார்களாம். அது வந்த துண்டை எடுத்தவர்தான் அடுத்த கேக்கை வாங்க வேண்டுமாம். இந்த நத்தாருக்கு நான் லவ் கேக் செய்கிறேன். எதை ஒளிக்கலாம்?
- ஒரு வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: செலவுக் கணக்கை ஒளியுங்கள், தங்கச்சி! கஜு விலையை வீட்டுக்காரர் பார்த்தால் காதல் போய்விடும், கேக் மட்டும்தான் மிஞ்சும்.

போர்த்துக்கேயர் 1624இல் உங்கள் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள்; 1639இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். ஆனால் பாண், அலுமாரி, குசினி என்று அவர்கள் விட்டுப்போன சொற்களை யாராலும் பிடுங்க முடியவில்லை. லவ் கேக்கும் அவர்கள் வழி வந்தது என்றுதான் பறங்கியர் வீடுகளில் சொல்வார்கள்.

இதில் கோதுமை மா இல்லை. இலேசாக வறுத்த ரவை, பட்டர், சீனி, நிறைய மஞ்சட்கரு, தேன், ஏலம், கறுவா, பன்னீர், நீற்றுப்பூசணித் தோசி. கஜுவை மாவாக அரைக்காதீர்கள். பல்லில் கடிபட வேண்டும். தட்டுக்குள் கடதாசியை நாலைந்து மடிப்பாக விரித்து, மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக விடுங்கள். மேல் பழுப்பாகி, உள்ளே ஈரம் நிற்க வேண்டும். ஈர்க்குக் குத்திப் பார்த்து, ஒட்டுகிறதே என்று காயவிட்டால் கதை முடிந்தது.

பொம்மை வேண்டாம். வெட்டிய துண்டுகளில் நாலைந்தை ஒளித்து வையுங்கள்; நத்தார் வரை தாங்காது.