சிவப்பு மூணு

ஏ தாயி, மொதல்ல மூக்கைச் சிந்திட்டு வந்து உக்காரு. சர்வேயர் 62 பக்கம் ரிப்போர்ட் எழுதி, ஏழு எடத்துல செவப்பு 3 போட்டுட்டான்னு ராத்திரியெல்லாம் அழுதியாமே? பச்சை 1, மஞ்சள் 2, செவப்பு 3. நீ லண்டன்ல வாங்கப் பார்த்திருக்கிற ஹாரோ வீடு 1898-ல கட்டினது. அந்த வயசு ஆளைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால நிறுத்தினா பச்சை மையிலயா எழுதுவாரு?

ஒங்கப்பன் ஜாதகம் வந்தப்போ நம்ம சோசியர் எட்டுத் தோஷம் சொன்னாரு. சொல்லாம விட்டது ஒண்ணே ஒண்ணு, கொறட்டை. இன்னைக்கு வரைக்கும் ஒங்கம்மையைப் படுத்துறது அதுதான்.

ஒன் சர்வேயரும் அந்தச் சோசியர் சாதிதான். விரிப்பைத் தூக்க மாட்டான், பலகையைப் பிரிக்க மாட்டான், "பார்க்க இயலவில்லை, மேற்கொண்டு ஆராய்க"ன்னு எழுதிட்டுப் போயிருவான். நாளைக்கு வீட்டுல எலி செத்தாலும் கேஸ் அவன் மேல வரக்கூடாதுல்ல! குத்தமில்ல, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஏழு செவப்புல நாலு, ஆராயச் சொன்ன செவப்பு. கரண்டு, கேஸு, சாக்கடைக் குழாய், கூரை. அதுக்கதுக்குத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டு, முடிஞ்சது.

மிச்சத்துல முக்கியம் ஓதமும் விரிசலும். மொதல்ல ஓதம். ரெண்டு ஊசி வச்ச மிஷினைச் சுவத்துல குத்தினானாம், அது கத்திச்சாம். அது மரத்துக்கு ஈரம் பார்க்கச் செஞ்ச மிஷின் தாயி, சுவத்துல உப்புப் பூத்திருந்தாலே கத்தும். அந்தக் காலத்துச் சுவரு ஒன்பது அங்குலம் ஒரே கட்டு, சுண்ணாம்புக் கலவை. மழையைக் குடிக்கும், வெயில்ல மூச்சு விடும். எவனோ புத்திசாலி அதுமேல சிமெண்டைப் பூசியிருப்பான். சித்திரை வெயில்ல நைலான் சட்டை போட்டா ஒடம்பு என்னாகும்? ஓதத்துக்குன்னு சுவத்துல ஊசி மருந்து ஏத்துறதுக்கு முன்னால வெளிய போய்ப் பாரு. தண்ணிக் குழாய் ஒழுகுதா, சுவரை ஒட்டி மண்ணு மேடேறிக் கெடக்கா, பலகைத் தரைக்கு அடியில காத்துப் போக வச்ச ஓட்டைக் கல்லை அடைச்சிருக்கானா? இலவசமா ஓதம் பார்க்கேன்னு ஒரு கம்பெனிக்காரன் வருவான். ஓசியில நாடி பிடிக்கிறவன் மருந்துக் கடை வச்சிருப்பான். காசு குடுத்து, மருந்து விக்காத ஆளாப் பாரு.

விரிசலுக்கு நான் சொல்லுறதைக் கேளு, நாப்பது வருசம் கரணை பிடிச்ச கை. கோடையில நம்ம கரிசக்காடு வாயைப் பொளக்கும்ல, லண்டன் களிமண்ணும் அதே கொணம். 1976 வறட்சியில அங்க வீட்டுக்கு வீடு சுவரு வெடிச்சதுன்னு ஒன் மாப்பிள்ளைதான் சொன்னாரு. பக்கத்துல பெரிய மரம் நிக்கா பாரு, அது மண்ணுல இருக்கிற தண்ணியை உறிஞ்சிரும். பெறகு விரிசலுக்குள்ள டார்ச் அடி. உள்ள பழைய பெயிண்டும் ஒட்டடையும் இருந்தா அது கெழட்டு விரிசல், ஒறங்கட்டும். ஓரம் கூரா, புதுச் செங்கல் நெறமா இருந்தாலோ, அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருந்தாலோ, கட்டட இன்ஜினியரைக் கூப்பிடாம கையெழுத்துப் போட்டுறாத.

இப்போ கொறட்டைக்கு வாறேன். 41-ஆம் பக்கத்துல, செவப்பும் இல்லாம மஞ்சளும் இல்லாம, "வக்கீலிடம் கேட்டுக்கொள்க"ன்னு ரெண்டு வரி வாசிச்சியே, ஞாபகம் இருக்கா? அடுப்படியில எடம் பத்தலைன்னு எவனோ புகைக்கூண்டோட கீழ்ச்சுவரை இடிச்சிருக்கான். மேல மாடியிலயும் கூரையிலயும் அந்தச் செங்கக் கூண்டு அப்படியே நிக்கி. எது மேல நிக்கி? அடியில இரும்பு உத்தரம் குடுத்தானா, கவுன்சில்ல அனுமதிச் சீட்டு வாங்கினானா? நீ அழுத ஏழும் காசோட போற நோவு. இது தலையில எறங்குற நோவு. அந்தச் சீட்டு கைக்கு வரணும், இல்ல இன்ஜினியர் பார்த்து எழுதித் தரணும்.

பெறகு பேரம். மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சுப் பேசுற வம்சம் நீ, வெலை சொன்னா தலையாட்டிட்டு வந்திருக்க! அந்த ஊருல ஒப்பந்தம் கை மாறுற வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லையாம். கூரைக்கு, கரண்டுக்கு, உத்தரத்துக்கு எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்கி, புரோக்கர் முன்னால வையி. பல்லு போன மாட்டுக்குப் பல்லு இருக்கிற வெலையான்னு கேளு. ஓதத்துக்கு ரொம்பப் பிடிவாதம் பண்ணாத, விக்கிறவனும் கயித்தை அவுத்துக்கிட்டுப் போயிருவான்.

அந்தச் சர்வேயருக்கும் ஒரு போன் போடு. "ஒங்க மக வாங்கினா விடுவீங்களா?"ன்னு மட்டும் கேளு. எழுத்துல மழுப்புறவன் வாயால சொல்லிருவான்.

சரி, ஒங்க பாட்டி போனைப் பிடுங்குறா. அவகிட்ட விரிசலைப் பத்தி மூச்சு விட்டுறாத. நம்ம அடுப்படிச் சுவத்துல கெடக்கிறதை "அது பழசு, ஒறங்குது"ன்னுதான் பதினோரு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.