டீ குற்றவாளியா?

கே: எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் ஆறு டீ குடிப்பவர்கள்தான் அதிகம் இருமுகிறார்கள். டீயால்தானே இருமல்?
– ஒரு வாசகர், குருவிகுளம், சங்கரன்கோவில்

ப: கிளாஸ் பிடித்த கையைப் பார்த்துவிட்டீர்கள். மறு கையில் பீடி புகைகிறதே, அதைப் பார்த்தீர்களா? பீடிக்காரர்களைத் தனியாகவும் மற்றவர்களைத் தனியாகவும் பிரித்து எண்ணுங்கள். இரண்டு பக்கமும் டீக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இல்லை என்று வந்தால் டீ நிரபராதி. செய்தது பீடி, பழி டீக்கு. இப்படி நடுவில் புகுந்து கணக்கைக் கெடுப்பதுதான் 'குழப்பக் காரணி'.

பிரித்துப் பார்த்ததும் ஒரு கூட்டத்தில் ஒரு விடை, மற்றதில் வேறு விடை வந்தால்? அது 'விளைவு மாற்றம்'. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசநோயிலிருந்து சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு தந்தது பி.சி.ஜி. தடுப்பூசி. அதே ஊசியை 1968-இல் தொடங்கி நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை! நம் மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் உடம்பை முன்பே பழக்கிவிட்டது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கம்.

கரிசல்காட்டுக்காரரான உங்களுக்குத் தெரியாததா? குழப்பக் காரணி களை, பிடுங்கிவிட வேண்டும். விளைவு மாற்றம் மண்வாகு, குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும்: கைக்குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பது இதே பி.சி.ஜி.தான். ஊசியைத் தவறவிடாதீர்கள், பீடியைத் தாராளமாகத் தவறவிடலாம்.