கேரவன் வாசல் வரை பசுமை

பசுமைப் படப்பிடிப்பு என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. பூஜைக்குத் தேங்காய் உடைத்த கையோடு ஹீரோ வேப்பங்கன்று நடுகிறார். சுற்றி நான்கு கேமராக்கள். கன்றுக்குத் தண்ணீரும் ஊற்றுகிறார், பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்துவிடும். கன்று என்ன ஆனது என்று கேட்பவன் சினிமா தெரியாதவன்.

நாம் லொக்கேஷனுக்குப் போவோம். ஊருக்கு வெளியே ஒரு புஞ்சை. விடிவதற்குள் ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றுவிடும். பின்னாலேயே லைட் யூனிட், மெஸ் வண்டி, காஸ்ட்யூம் வண்டி, கடைசியாக ஊர்வலம் போலக் கேரவன்கள். ஹீரோவுக்கு ஒன்று, ஹீரோயினுக்கு ஒன்று, ஹீரோ தண்டால் எடுக்க ஒன்று. அவர் வருவது பதினொரு மணிக்கு. ஏசி காலையிலேயே ஓடத் தொடங்கிவிடும். சார் ஏறும்போது உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டாமா? ஷாட்டுக்கு இறங்கினாலும் அணைக்கக் கூடாது. திரும்பி வரும்போது வியர்த்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஆளில்லாத வண்டியின் மெத்தையும் நிலைக்கண்ணாடியும் குளிர்வதற்காகப் பொழுது சாயும்வரை டீசல் எரிகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் பசுமை உள்ளே நுழைகிறது. எங்கே? டீ கேன் பக்கத்தில். "இனிமே யாருக்கும் பேப்பர் கப் கிடையாதுப்பா, அவங்கவங்க டம்ளர் கொண்டாந்துருங்க" என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். வெயிலில் லைட் ஸ்டாண்டு தூக்கித் தோள் காய்த்துப்போன லைட்மேன், இனி பூமியைக் காப்பாற்றும் பாரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தூக்குவார், பாவம். பேட்டா போய்விடுமே. அதே நேரம் கேரவனிலிருந்து இரண்டு வாய் குடித்த பாட்டில் வெளியே வருகிறது. டச்சப் பையன் அதை வாங்கி வேலிக்கு அந்தப்பக்கம் எறிகிறான்.

சட்டமும் ஆள் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் பலவற்றுக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டன. பாட்டில் தண்ணீர் தப்பித்துவிட்டது. இல்லாதவன் குடித்தால் குப்பை, இருப்பவர் குடித்தால் மினரல்.

படம் எடுப்பதால் வரும் மாசுக்குப் பிரிட்டன்காரர்கள் கணக்காவது போடுகிறார்கள். 2011 முதல் 'ஆல்பர்ட்' என்ற அமைப்பு அங்கே இதே வேலையாக இருக்கிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்து 2020-இல் ஓர் அறிக்கையும் கொண்டுவந்தது. ஏழு கோடி டாலருக்கு மேல் விழுங்கும் ஒரு படம் சராசரியாக 2,840 டன் கரியமில வாயுவுக்குச் சமமான மாசைக் கக்குகிறதாம். அதில் ஏறக்குறைய பாதி, போக்குவரத்தால் வந்தது. விமானமும் காரும் லாரியும் செய்த வேலை. லைட்மேனின் டம்ளர் அந்தக் கணக்கில் எந்த மூலையில் இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

போக்குவரத்து என்றதும் 'எந்திரன்' நினைவுக்கு வருகிறது. கிளிமஞ்சாரோ இருப்பது ஆப்பிரிக்காவில். அதன் பெயரைச் சொல்லி ஆடிப்பாட, 2010-இல் வந்த அந்தப் படத்தின் யூனிட் தென் அமெரிக்காவில் பெருவின் மாச்சு பிச்சு வரை பறந்தது. கண்டம் மாறினால் என்ன, பாட்டு ஹிட். எட்டு வருடம் கழித்து, அதே இயக்குநரின் '2.0' சிட்டுக்குருவிக்காகக் கண்ணீர் வடித்தது. குருவிகளைக் கொன்றது செல்போன் கோபுரமாம்! அறிவியல் அதை நிரூபிக்கவில்லை என்பதெல்லாம் சில்லறை விஷயம். நெருக்கடி என்றால் விஞ்ஞானத்துக்கும் டூப் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு படத்தில் நிலத்தடி நீர் வற்றியதைப் பற்றி ஹீரோ கொட்டும் மழையில் நின்று குமுறுவார். அந்த மழை தண்ணீர் லாரியில் வந்தது.

காடும் இவர்களுக்கு ஒரு செட்தான். 2023 ஏப்ரலில் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறைப் பக்கம் நடந்த 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பை, முறையான அனுமதி இல்லை என்று கலெக்டர் நிறுத்தினார். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் வெடி வெடிக்கிறார்கள் என்பது ஊரார் புகார். அப்படியெல்லாம் இல்லை என்றது படக்குழு. அப்புறம் அனுமதி கிடைத்தது, ஷூட்டிங் நடந்தது. புலியிடம் யாரும் கால்ஷீட் கேட்டதாகத் தகவல் இல்லை.

பேக்கப் சொன்ன பிறகு லொக்கேஷனைப் பார்த்திருக்கிறீர்களா? நேற்றுவரை அரண்மனை நின்ற இடத்தில் இன்று உடைந்த பிளைவுட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூண், பெயின்ட் டப்பா, தெர்மாகோல். வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட அமைச்சரை 2017-இல் விழுந்து விழுந்து கேலி செய்தோமே, அவராவது தண்ணீரைக் காப்பாற்ற நினைத்தார். இங்கே அள்ளிக் குவித்துத் தீ வைத்துவிட்டுப் போகிறார்கள். கரும்புகை ஊருக்கு, இயற்கை விவசாய வசனம் தியேட்டருக்கு. நிலத்துக்காரர் வாங்கிய வாடகை, ஆணி பொறுக்கவே சரியாகிவிடும்.

படத்தில் ஒரு மாடு நடந்து வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், சென்சார் விடாது. ஹீரோ சிகரெட் பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை ஓடுகிறது. அதே போல இன்னொரு கார்டையும் கட்டாயமாக்குங்கள்: இந்தப் படத்துக்கு எரிந்த டீசல் இத்தனை லிட்டர், அதில் கேரவனுக்கு மட்டும் இவ்வளவு, பறந்த விமானங்கள் இத்தனை, குப்பை கொட்டிய ஊர் இன்னது. ஹீரோ பெயருக்கு முன்னால், அதைவிடப் பெரிய எழுத்தில் வரட்டும். தயாரிப்பாளர்களுக்குக் கணக்கு வராது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். படம் வந்த மூன்றாம் நாளே நூறு கோடி என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள்தானே? அந்தக் கற்பனை வளத்தை டீசல் கணக்கிலும் காட்டாமல் இருந்தால் போதும்.