டைம் எப்படிப் போகுது?

நேற்று சாமல்பட்டியில் ஒரு சாவு வீடு. மாலையைப் போட்டுவிட்டு வந்து பந்தலில் உட்கார்ந்தேன். மேளச் சத்தம் காதைப் பிளக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் குனிந்து, துக்கம் விசாரிக்கும் அதே குரலில் கேட்கிறார்: "அப்புறம் சார், ரிட்டயர்டு ஆயிட்டீங்களாமே. டைம் எப்படிப் போகுது?"

ஐஸ் பெட்டிக்குள் இருந்தவரை மட்டும்தான் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கொடுத்துவைத்தவர்.

மத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் கேட்கிறார். சலூனில் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஊத்தங்கரை பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும் பையன், நான் உட்காருவதற்குள் கேட்டுவிடுகிறான். நீங்களும் இந்த வாரம் யாரையாவது கேட்டிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

1980-களில் ஓசூருக்குக் கைக்கடிகாரத் தொழில் வந்தபோது ஐ.டி.ஐ. சான்றிதழோடு போய்ச் சேர்ந்தவன் நான். என்னிடம் கேட்டால் விடாமல் சொல்வேன். பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது. குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அது என்ன கணக்கு? ஒன்றை 15 தடவை இரட்டித்துப் பாருங்கள், அதுதான் வரும். ஐசி அதைத் திரும்பவும் பாதி, பாதியில் பாதி என்று 15 தடவை குறைத்து, நொடிக்கு ஒரு துடிப்பாக்கிக் காயிலுக்கு அனுப்புகிறது. ரோட்டர் அரைச் சுற்று சுற்றுகிறது. பல்சக்கரங்கள் நகர்ந்து நொடி முள்ளை 6 டிகிரி தள்ளுகின்றன. டைம் இப்படித்தான் போகிறது.

சாவு வீட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். காயில் வரைக்கும் கேட்டார். ரோட்டர் வருவதற்குள் வெற்றிலை போட எழுந்து போய்விட்டார். கல் 25 டிகிரி சூட்டில்தான் ஒழுங்காக அதிரும், கூடினாலும் குறைந்தாலும் பின்தங்கும் என்பதைச் சொல்ல முடியவில்லை. நம்மூர் மே மாதத்தில் கழற்றிப் பீரோவில் போட்ட கடிகாரம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். இதில் உருவகம் எதுவும் இல்லை, தயவுசெய்து தேடாதீர்கள்.

ஓய்வுக்கால மனநிலை பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், மனிதனை உலுக்கும் 43 சம்பவங்களுக்கு மார்க் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100. கல்யாணத்துக்கு 50. பணி ஓய்வு 10-வது இடம், 45 மார்க். அதற்கு ஒரு படி மேலே, 9-வது இடத்தில், அதே 45 மார்க்கோடு இருப்பது கணவன் மனைவி சமாதானம் ஆவது! சண்டைக்குத்தானே மார்க் போட வேண்டும் என்று வேலையில் இருந்தவரை நினைத்தேன். இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன். காலையில் சமாதானம், மாலையில் மறுபடி சமாதானம். டைம் எப்படிப் போகுது என்று கேட்கப்படுவதை மட்டும் அந்த 43-ல் காணோம்.

விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஏ ஷிஃப்ட் முடிந்துபோன விஷயத்தை உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. ரோட்டுக்கு வந்தால், பர்கூர் சிப்காட்டுக்குப் போகிற பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒரு கையிலும் கடிகாரம் கிடையாது, எல்லோருக்கும் போன்தான். என்னைப் பார்த்ததும் ஒரு பெண், "என்னங்க மாமா, டைம்…" என்று ஆரம்பித்தாள். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

பல்சக்கரத்தில் விட்டேன் அல்லவா? தேதி காட்டும் வட்டில் 31 பல். 30 நாள் மாதம் முடிந்தால் நீங்கள்தான் திருகைப் பாதி இழுத்துத் திருத்த வேண்டும். அதையும் ராத்திரி 9 மணிக்கு மேல் செய்யாதீர்கள், பல் கவ்வியிருக்கும் நேரம், உடைந்துவிடும். பகலில் செய்யுங்கள். பகலில் நேரம் இல்லை என்றால் கொண்டுவந்து கொடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.