கிங் ஸ்னேக்கா, கார்ன் ஸ்னேக்கா? வன்னியம்பட்டிக்காரர்களுக்கு ஒரு வளர்ப்புக் கையேடு

ராஜபாளையம் நாய் வளர்ப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலை. யூடியூப் பார்த்துவிட்டு, வளர்த்தால் பாம்புதான் என்று ஒற்றைக் காலில் நிற்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கிங் ஸ்னேக், கார்ன் ஸ்னேக் இரண்டுக்கும் சொந்த ஊர் அமெரிக்கா. இரண்டுக்கும் விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இதைச் சொல்வதா, மறைப்பதா என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

முதலில், வாங்குவது. 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியிடம் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை 15 கிங் ஸ்னேக்குகளைப் பிடித்தது. கூடவே ஒரு குரங்கும் வந்திருந்தது. 2023 ஜனவரியில் அதே விமான நிலையத்தில், கேட்பாரற்றுக் கிடந்த பைகளில் 8 கார்ன் ஸ்னேக்குகள். இரண்டு கோஷ்டியையும் வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, கிங் ஸ்னேக் ஆளோடு வரும். கார்ன் ஸ்னேக் அநாதையாக வரும். குறித்துக்கொள்ளுங்கள், இது முதல் வித்தியாசம்.

சாப்பாட்டில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. கார்ன் ஸ்னேக்குக்கு எலி போதும். உறைய வைத்த எலியை வெந்நீரில் போட்டு உறைவு போக்கி, இடுக்கியால் நீட்ட வேண்டும். வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. எலியை ஃப்ரீசரில் எங்கே வைப்பது என்பதை அம்மாவிடம் கேட்டுச் செய்யவும். பழைய பால்கோவா டப்பா மட்டும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் விருந்தாளி அதைத்தான் முதலில் திறப்பார்.

கிங் ஸ்னேக் அப்படிப் பார்த்துச் சாப்பிடுகிற ஜாதி இல்லை. எலி, பல்லி, முட்டை, குருவி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்பு. அதன் ஊரில் கிலுகிலுப்பை விரியனையே விழுங்கும். அந்த விஷம் அதை அவ்வளவாகத் தாக்குவதில்லை. எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நீட்டினால், விரலையும் எலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். துணைக்கு இன்னொன்று இருக்கட்டுமே என்று ஒரே பெட்டியில் இரண்டு விட்டால், மறுநாள் காலையில் ஒன்றுதான் இருக்கும். அதுவும் கொஞ்சம் குண்டாக.

தூக்கிக் கொஞ்சுவதற்குக் கார்ன் ஸ்னேக்தான் தேவலை, சாது. ஆனால் மூடி அரை இஞ்ச் திறந்திருந்தால் ஆள் இருக்காது. கிங் ஸ்னேக் பயந்தால் வாலை ஆட்டும், நாற்றமெடுக்கும் ஒரு திரவத்தைச் சட்டையில் பீய்ச்சும்.

பெட்டியில் ஒரு மூலை முப்பது டிகிரி இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் சூடேற்றும் விரிப்பு வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு மிச்சம். சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையே போதும். இன்னொரு மூலை இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் இடிக்கிறது. பாம்புக்கு ஏசி, உங்களுக்கு மின்விசிறி என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தப்பித்துப் போனால்? ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் அப்படித் தப்பிய கலிஃபோர்னியா கிங் ஸ்னேக்குகள் 1998 முதல் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகளைப் பல இடங்களில் இல்லாமல் ஆக்கிவிட்டன. வன்னியம்பட்டியில் அவ்வளவு தூரம் போகாது. கிங் ஸ்னேக்குக்குக் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை. டார்ச் வெளிச்சத்தில் அசல் கட்டுவிரியன். பக்கத்து வீட்டு மாமா கம்போடு வந்துவிடுவார். செக்கச்செவேலென்ற கார்ன் ஸ்னேக்காவது, பிளாஸ்டிக் பொம்மை என்று அவர் நினைக்கிற ஒரு நிமிஷத்தில் தப்பலாம்.

கையில் காசில்லாதவர்களுக்கு மாற்று வழி உண்டு. கார்ன் ஸ்னேக்குக்குப் பதில் சாரை: வயலில் எலி பிடிக்கிற வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கும். கிங் ஸ்னேக்குக்குப் பதில் கட்டுவிரியன்: அதுவும் பாம்பு தின்னிதான். இரண்டும் ஊரிலேயே இருக்கின்றன. தீனி, பெட்டி, ஏசி எதுவும் வேண்டாம். பிடிக்க மட்டும் போகாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் ஜெயில் வரை கொண்டுபோகும்.

கட்டுவிரியனில் ஒரு சிக்கல். தரையில் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்த வகை வளர்ப்பில் கூண்டு பாம்புக்கு இல்லை, நமக்குத்தான். கட்டில் ஒன்று, கொசுவலை ஒன்று. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுக்கவும்.