எடை அண்ணாச்சி

மும்பைத் தமிழர்களில் மீன் வாங்கத் தெரிந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். தெரியாதவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. இவர் செவுளையும் பார்க்கமாட்டார், விலையையும் உடனே கேட்கமாட்டார். சட்டைப்பையிலிருந்து கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்து, பட்டனை அழுத்தி, அது பூஜ்யம் காட்டும்வரை மௌனமாக நிற்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்களும் நின்றாகவேண்டும்.

தாராவியில் சால் குடியிருப்புக்கு ஒருவராவது தேறுவார். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; ஆகவே அண்ணாச்சி. 90 அடி ரோட்டில் இறங்கி, "எடை அண்ணாச்சி வீடு எது?" என்று கேட்டால், "எந்த எடை அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்பார்கள். வேலை பார்த்த காலத்தில் அளவெடுத்தே பழகிய ஆளாக இருப்பார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிப்பர் பிடித்தவர், அல்லது எங்கேயோ ஸ்டோரில் நட்டு போல்ட்டை எண்ணி எழுதியவர். ரிட்டயர் ஆனாலும் கை ஆகவில்லை.

தராசு வாங்குவதில்தான் அண்ணாச்சியின் மேதைமை முழுசாகத் தெரியும். கடைக்குப் போய் நாலைந்தை வரிசையாக வைத்துப் பார்த்து, கடைசியில் 50 கிலோ தூக்கும் தராசை வாங்குவார். வீட்டில் இருப்பது மூன்று பேர்; வாங்குவது அரைக் கிலோ பாங்டா. "இருக்கட்டும்ல, நாளைக்கி ஒரு பெரிய சீலா வாங்குனா?" என்பார். ஊரில் சீலா என்பதைத்தான் இங்கே சுரமை என்கிறார்கள். முழுச் சீலாவை அண்ணாச்சி வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் தராசு தயாராக இருக்கிறது.

இதில் உள்ள வில்லங்கத்தை யாரும் அவரிடம் சொல்வதில்லை. 50 கிலோ தராசு பத்துப் பத்துக் கிராமாகத் தாவித்தான் எடை காட்டும். கடைகளுக்கு முத்திரை போட்டுத் தரும் நடுத்தர வகைத் தராசுக்கே ஒரு கணக்கு உண்டு: ஒரு தாவலைப்போல் இருபது மடங்குக்குக் குறைவாக எதையும் அதில் நிறுக்கக்கூடாது. அதாவது பத்துக் கிராம் தாவுகிற தராசில் 200 கிராமுக்குக் கீழே காட்டுவதெல்லாம் ஜோசியம். அதில்தான் அண்ணாச்சி நூறு கிராம் நெத்திலியைத் தொங்கவிட்டு, "எண்பதுதான் இருக்கு" என்று தீர்ப்பு எழுதுவார். அரைக் கிலோக்காரனுக்கு ஐந்து கிலோ தராசு போதும். சின்னத் தராசு, சின்னத் தாவல். ஆனால் ஐந்து கிலோ தராசை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் என்ன கௌரவம்?

உள்ளே இருக்கும் விஷயம் எளிது. ஓர் உலோகத் துண்டு. அதன்மேல் மடித்து மடித்து ஒட்டிய மெல்லிய கம்பி. பாரம் தொங்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, கம்பி நீள்கிறது, மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. மீன் ஆடினால் எண்ணும் ஆடும். அதனால் 'ஹோல்டு' என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். எண் நிலைகொண்டதும் பூட்டிக்கொள்ளும். மட்டமான தராசு நிலைகொள்வதற்கு முன்னாலேயே பூட்டிக்கொள்ளும். மழைக்கால மும்பையின் ஈரத்தில் சிலது பூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. அண்ணாச்சிக்கு இதெல்லாம் அத்துபடி. ஆகவே புதுத் தராசு வந்ததும் வீட்டில் பரீட்சை நடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் காலி பாட்டிலை நிறுத்து, பிறகு நிரப்பி நிறுப்பார். அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தொங்கவிட்டு, 520 என்று வந்ததும், "பால்காரன் இருபது கிராம் கூடப் போடுதான்" என்று முகம் மலர்வார். பால் தண்ணீரைவிடக் கனம், அரை லிட்டர் 515 கிராம் இருக்கத்தான் செய்யும், உறையும் சேர்ந்திருக்கிறது என்று மகள் சொன்னால் முகம் வாடிப்போகும். கடைசிப் பரீட்சைக்கு மளிகைக் கடைத் தம்பியிடம் ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லை இரவல் கேட்பார். அதன் அடியில் குழியில் ஈயம் அடைத்து, ஈயத்தின்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். தேய்மானத்தைச் சரிக்கட்ட வைத்த ஈயம் அது. அண்ணாச்சி அந்த முத்திரையைத் தடவிப் பார்ப்பதில் ஒரு பக்தி தெரியும்.

இவ்வளவு ஆயத்தத்தோடு போகிற இடம் கோலிவாடா. தாராவிக்கு அண்ணாச்சிமார் வருவதற்கு முன்பே அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த கோலி மக்களின் குடியிருப்பு. அவர்களின் பெண்கள் மீன் விற்கும் முறையைப் பார்த்தால் எந்த டிஜிட்டலும் கண்ணீர் விடும். மாந்தேலி கூறு கட்டித்தான் வரும். பொம்பில் எண்ணிக்கை. சுரமை துண்டு போட்டு, கண்ணால் பார்த்து, வாயால் விலை. பாப்லெட்டும் பெரிய இறாலும் மாதிரி சிலதுதான் தராசு ஏறும். அண்ணாச்சி கூறைத் தூக்கிப் பையில் போட்டு நிறுத்து, கிலோவுக்கு என்ன விழுகிறது என்று வாய்விட்டு வகுத்துப் பார்ப்பார். அதற்குள் அந்தக் கூறை வேறொருத்தி வாங்கிப் போயிருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லியாகவேண்டும். இரண்டு பாப்லெட். மீன் விற்கும் மௌசியின் மேஜைத் தராசில் 700 கிராம். கிலோ 1,200 என்று பேசி முடிந்து, 840 ரூபாய் கைக்கு வந்துவிட்டது. "ஒரு நிமிசம்" என்று அண்ணாச்சி கொக்கியில் பையை மாட்டினார். மீன் ஆடியது, எண் ஆடியது, பீப் என்று பூட்டிக்கொண்டது. 1.40.

மௌசி எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணா, துமாரா காட்டா சச்சா ஹை நா?"

"ஹண்ட்ரட் பர்சென்ட்!" பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"தோ சோலா சௌ அஸ்ஸி நிகாலோ."

உன் தராசு சத்தியம் என்றால் 1,680 ரூபாயை எடு. கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சியின் வாழ்நாளில் இப்படி ஒரு தர்மசங்கடம் வந்ததில்லை. தராசை நம்பினால் பணம் போகும்; பணத்தைக் காப்பாற்றினால் தராசு பொய். ஊர் முழுக்க எடை குறைகிறது என்று எதிர்பார்த்துத் தயாரான மனிதர், எடை கூடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. "பேட்டரி எறங்கிட்டுது போல" என்று முனகினார். "எறங்குனா கொறையல்லா செய்யும் அண்ணாச்சி" என்று ஒரு குரல் வந்தது. கூட்டத்தில் எப்போதும் ஒரு பொறியாளர் இருப்பார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் தராசை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இதுல கிலோ போடல. சீன எழுத்து இருக்கு."

அதுதான் சங்கதி. இந்தக் கைத்தராசுகளில் பலவற்றிலும் கிலோ, பவுண்டு இரண்டோடு சீனர்களின் 'ஜின்'னும் இருக்கும். ஒரு ஜின் என்பது நம் அரைக் கிலோ. பையில் கிடந்தபோது பட்டன் அமுங்கி, கிலோ ஜின் ஆகிவிட்டது. பையன் ஒரு அமுக்கு அமுக்கினான்: 1.54. அது பவுண்டு. இன்னொரு அமுக்கு: 0.70. மௌசி ஒன்றும் சொல்லவில்லை. மேஜைத் தராசின் பக்கவாட்டைத் திருப்பி, அதில் இருந்த முத்திரையைக் காட்டினாள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்த முத்திரையைப் புதுப்பிக்கவேண்டும். 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது அது. அண்ணாச்சியின் தராசில் ஒட்டியிருந்தது விலைச்சீட்டு மட்டும்.

சாதாரண மனிதன் இதோடு அடங்கியிருப்பான். அண்ணாச்சி உலக அளவில் ஆதாரம் தேடத் தொடங்கினார். பவாய் ஏரிக்குப் போனார். அங்கே மகாராஷ்டிரத் தூண்டில்காரர் சங்கத்து ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்லாவுக்குக் காத்திருப்பார்கள். போட்டியில் மீன் நிறுப்பதற்கு எவ்வளவு சட்டதிட்டம் என்று அவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தில் சாதனை என்று பதிய வேண்டுமானால், தராசு பன்னிரண்டு மாதத்துக்குள் சோதித்துச் சான்று பெற்றிருக்கவேண்டும். ஆடுகிற படகில் நிறுத்தது செல்லாது, தரைக்கு வரவேண்டும். தூக்கிப் பிடித்த வலையின் எடையைக் கழிக்கவேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவே முள் நின்றால் குத்துமதிப்பாகச் சொல்லக்கூடாது.

அதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கதை. ஜப்பானில் பீவா ஏரியில் 2009இல் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த பாஸ் மீன் 1932ஆம் ஆண்டு அமெரிக்கச் சாதனையைவிட ஓர் அவுன்ஸுக்குச் சற்றே குறைவாக, ஏறக்குறைய 27 கிராம், கூட இருந்தது. முந்த வேண்டுமானால் இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. ஆகவே சமன் என்று எழுதிவிட்டார்கள். "இருபத்தேழு கிராமு! பாத்தியா, ஒலகம் பூரா கிராமுக்குத்தான் சண்டை" என்று அண்ணாச்சி வாரக்கணக்கில் சொல்லித் திரிந்தார்.

கேள்விப்பட்டதை அப்படியே கோலிவாடாவில் அமல்படுத்தினார். கையில் பிடித்தால் ஆடும் என்று, எதிரே இருந்த மட்டன் கடையின் கொக்கியில் தராசை மாட்டக் கடைக்காரரிடம் அனுமதி கேட்டார். அவர் கேள்வி புரியாமல் அரைக் கிலோ ஈரல் வெட்டிக் கொடுத்துவிட்டார். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் போட்டி மீன்களின் வயிற்றைக் கிழித்தபோது ஈயக் குண்டுகள் உருண்டு வந்த செய்தி தெரிந்ததும் நிலைமை இன்னும் மோசம். ஐந்து மீன், எடை 34 பவுண்டை நெருங்கியது. அந்த அளவு மீன் இருபதைச் சுற்றித்தான் வரும் என்று போட்டி நடத்துகிறவருக்குச் சந்தேகம் வந்ததால் மீனைக் கொண்டுவந்தவர்கள் பிடிபட்டார்கள். அன்று முதல் அண்ணாச்சி ராவஸ் வாங்கினாலும், "மொதல்ல வயித்தைக் கீறு" என்பார். மௌசி கீறுவாள். உள்ளே குடல்தான் இருக்கும். "சோனா நை மிலா?", தங்கம் கிடைக்கலையா என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

ஜூனும் ஜூலையும் மகாராஷ்டிரத்தில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அண்ணாச்சிக்கு அது அஞ்ஞாதவாசம். அப்போது ஊருக்குப் போகிற குடும்பங்களின் பெட்டியை நிறுப்பார்; ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ என்று எச்சரிப்பார். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் எவனும் பெட்டியை நிறுத்துப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒருநாள் மாட்டுங்காவில் பூக்கடைக்குத் தராசோடு போனார். நாலு முழம் மல்லிகை. பூக்காரம்மா தன் முழங்கையை மடக்கி அளந்தாள். அண்ணாச்சி தராசை எடுக்கப் போனவர், எதை நிறுப்பது என்று தெரியாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மாமா, என் கை குட்டையா?" என்று அவள் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு கிங் சர்க்கிள் பக்கம் நடந்துவிட்டார்.

இப்போது மகன் செம்பூரில் ஃபிளாட் வாங்கி அப்பாவை அழைத்துக்கொண்டான். மீன் ஆப்பில் வருகிறது. வெட்டி, கழுவி, பெட்டியில் அடைத்து, 'நிகர எடை 500 கிராம்' என்று அச்சடித்து. வந்த முதல் பெட்டியையே அண்ணாச்சி நிறுத்தார். இப்போது வைத்திருப்பது ஐந்து கிலோ தராசு, ஒரு கிராம் தாவல், சமையலறைக் கொக்கியில் நிரந்தரமாகத் தொங்குகிறது. 488. பெட்டியைக் கழித்து, தண்ணீரை வடித்து வந்த கணக்கு அது; மறுபடியும் நிறுத்தார். 488. நாற்பது வருஷமாகக் காத்திருந்த நாள். போனை எடுத்து, தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண், "மன்னிக்கணும் சார், முழுப் பணத்தையும் இப்பவே திருப்பிடுறோம்" என்றாள். அவர் மூச்சு விடுவதற்குள் பணம் வந்த செய்தி போனில் வந்தது.

"யம்மா, கொஞ்சம் இரு" என்றார் அண்ணாச்சி. "நீ பாட்டுக்கு ஒத்துக்கிட்டா எப்படி? ஒங்க தராசு சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் பேசணும்லா."